மாற்று ஓட்டக்காரி

என் தம்பி மனைவிக்கு எங்கள் சலவைக்கூடத்தில் 'வெயிட்டிங் லிஸ்ட்' என்று பெயர். வைத்தது நானில்லை. துவைக்கும் பிரிவில் ஒரு வாயாடி இருக்கிறாள், அவள் வைத்தாள். காதில் விழுந்த அன்றே அவளை ஒரு பிடி பிடித்தேன். ஆனால் பெயருக்குச் சொந்தக்காரி கோபித்துக்கொண்டால்தானே? பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள் என்று சிரித்துவிட்டுப் போய்விட்டாள். அதற்குமேல் நான் யாருக்காகச் சண்டை போடுவது? மேற்பார்வையாளர்கூட இப்போது அப்படித்தான் கூப்பிடுகிறார்.

விஷயம் இதுதான். உலகப் போட்டிக்குப் போகிற நாட்டின் பெண்கள் மராத்தான் அணியில் மூன்று பேர் ஓடுவார்கள். மூவரில் யாருக்காவது அடிபட்டால் அந்த இடத்தில் ஓடுவதற்கென்று நான்காவதாக ஒருத்தியைத் தயாராக வைத்திருப்பார்கள். அந்த நான்காவது ஆள் இவள். ஒரு தடவை என்றால் சரி, அனுபவம் என்று விட்டுவிடலாம். மூன்று தடவையும் இவளேதான்.

மாற்று ஆள் என்றால் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிற வேலை என்று நினைத்துவிடாதீர்கள். ஓடப்போகிறவளுக்கு என்னென்ன பயிற்சி உண்டோ அத்தனையும் இவளுக்கும் உண்டு. விடிவதற்குள் எழுந்திருக்க வேண்டும், ஆசைப்பட்டதைத் தின்னக்கூடாது, கல்யாணம் காட்சி என்று எங்கேயும் நிற்கக்கூடாது. அந்த வருடம் வேறு பந்தயம் எதிலும் கலந்துகொள்ளவும் கூடாது, கால் தேய்ந்துவிடுமாம். எல்லாம் செய்துவிட்டு, கடைசியில் வீட்டில் உட்கார்ந்து மற்றவர்கள் ஓடுவதை டிவியில் பார்க்க வேண்டும். நானாக இருந்தால் முதல் தடவையே போங்கடா நீங்களும் உங்கள் அணியும் என்று சொல்லியிருப்பேன்.

அவள் அப்படியில்லை. எதையும் மனதில் வைத்துக்கொள்ளாத பிறவி. என் தம்பி என்னை அக்கா என்பதால் அவளுக்கும் நான் அக்காதான். கல்யாணமாகி வந்த புதிதில் வேலை வேண்டும் என்றாள், நான்தான் சலவைக்கூடத்தில் சேர்த்துவிட்டேன். காலையில் ஓடிவிட்டு, குளித்துவிட்டு, தலை ஈரம் காயாமல் வேலைக்கு வந்து நிற்பாள். தம்பி லிஃப்ட் பழுதுபார்க்கிற மெக்கானிக். அவள் ஓடும்போது தண்ணீர் பாட்டிலோடு சைக்கிளில் பின்னாலேயே போவான். லிஃப்ட்காரன் பெண்டாட்டி மாடிப்படியில் ஏறி இறங்கிப் பயிற்சி எடுக்கிறாளே, ஊர் சிரிக்காதா என்று நான் கேட்டால் இரண்டு பேருமாகச் சேர்ந்துகொண்டு சிரிப்பார்கள்.

எங்கள் வேலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகள்தான் எங்களுக்கு வருவதில் பெரும்பாலும். துவைத்துப் பிழிந்த விரிப்பு ஈரத்தோடு தள்ளுவண்டியில் வரும். அதைச் சூடான பெரிய உருளைக்குள் விடுவார்கள். மறுபக்கம் அது சுருக்கமில்லாமல், தொட்டால் கை சுடுகிற சூட்டோடு வெளியே வரும். அங்கே நானும் அவளும் நிற்போம். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, உதறி, எதிரெதிராக நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். அவள் மடிப்பை வாங்கிக்கொள்வாள், நான் குனிந்து கீழ்மடிப்பை எடுப்பேன். நாள் முழுக்க இதே நடைதான். உருளை போடுகிற இரைச்சலில் பேச முடியாது, கத்தத்தான் முடியும். வருடக்கணக்காக இப்படி எதிரெதிரே நடந்தால் எதிரில் வருகிறவளின் கால் எப்போது தரையில் படும் என்று நம் காலுக்கே தெரிந்துவிடும்.

போட்டி நெருங்குகிற மாதங்களில் எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. போன் வந்ததா என்று அவளை யாரும் கேட்கமாட்டோம். அப்படிக் கேட்டால், யாருக்காவது கால் போனதா என்று கேட்பதாகத்தானே அர்த்தம்? அவளுக்கு அது பிடிக்காது. இன்னொருத்தி காலை வைத்து நான் ஆசைப்படக்கூடாது என்பாள். நான் வாயால் கேட்கமாட்டேன். மனதுக்குள் தினமும் கேட்பேன். மனதுக்குள் கேட்பதை யார் தடுக்க முடியும்?

முதல் தடவை யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மூன்று பேரும் போனார்கள், ஓடினார்கள், வந்தார்கள். அதில் எனக்கு வருத்தம் உண்டு, கோபம் கிடையாது. இரண்டாவது தடவை நடந்ததை நினைத்தால்தான் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அந்த மூன்று பேரில் ஒருத்தி போலீஸ்காரி. நல்ல உயரம், நல்ல வேகம், எல்லாம் சரி. போட்டிக்குச் சில வாரம் முன்னால் அவளுக்கு முழங்கால் பிசகிவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் அணியில் டாக்டர் கூப்பிட்டு உட்கார வைத்துப் பார்ப்பதெல்லாம் கிடையாது. பயிற்சியாளர் ஒரு ஊர், ஓடுகிறவர்கள் ஆளுக்கொரு ஊர், எல்லாம் போனில்தான். ஓடுகிறவள் நன்றாக இருக்கிறேன் என்றால் நன்றாக இருக்கிறாள் என்று கணக்கு. பட்டியலை அனுப்ப ஒரு நாள் உண்டு. அந்த நாள் தாண்டினால் மாற்றவே முடியாது. அதுவரைக்கும் போலீஸ்காரி மென்று விழுங்கிவிட்டாள். போட்டியன்று ஓடி, பாதி வழியில் தண்ணீர் மேசைக்குப் பக்கத்தில் நடைபாதையில் உட்கார்ந்துவிட்டாள். மூன்று பேரின் நேரத்தையும் கூட்டித்தான் அணிக்கு இடம் தருவார்கள். ஒருத்தி குறைந்தால் அணியே கணக்கில் வராது. மற்ற இரண்டு பேரும் உயிரைக் கொடுத்து ஓடியது வீண். ஒரு குறையும் இல்லாத இரண்டு காலை வைத்துக்கொண்டு இவள் வீட்டில் சோபாவில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் டிவியைப் பார்த்துத் திட்டிய திட்டில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். இவள் என்ன சொன்னாள் தெரியுமா? பாவம், ரொம்ப வலித்திருக்கும் என்றாள். தலையில் அடித்துக்கொண்டேன். அப்புறம் குளிக்கப் போனவள் வெகு நேரம் வெளியே வரவில்லை. வந்தபோது கண் சிவந்திருந்தது. சோப்பு பட்டுவிட்டது என்று சொல்லி என் தம்பியை நம்பவைத்தாள். என்னிடம் அதுகூடச் சொல்லவில்லை. அன்றைக்கு முடிவு செய்தேன், அந்தப் போலீஸ்காரியை எங்கே பார்த்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிடுவது என்று.

மூன்றாவது தடவை வந்தது. இவளுக்கும் வயது ஏறிவிட்டது. இதற்கடுத்த தேர்வில் சின்னப் பெண்கள் வந்து முந்திவிடுவார்கள் என்று அவளே சொன்னாள், குறையாகச் சொல்லவில்லை, மழை வரும் போலிருக்கிறது என்று சொல்கிற மாதிரி சொன்னாள். நாட்டுக்காக ஒரே ஒரு தடவை ஓட வேண்டும். அதுதான் அவளுக்கு வேண்டியது. மெடல், பேப்பரில் படம், எதுவும் அவள் கேட்கவில்லை. இந்தத் தடவை நடக்காவிட்டால் இனிமேல் கிடையாது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

ஒரு நாள் மத்தியானம், சாப்பிட்டுவிட்டு வந்து வேலையைத் தொடங்கியிருந்தோம். மெஷின் பக்கத்தில் போன் வைத்துக்கொள்ளக்கூடாது என்பதால் எங்கள் போன்களெல்லாம் அலமாரியில் இருக்கும். மேற்பார்வையாளர் தன் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அரக்கப் பரக்க வந்தார். அவளை நோக்கிக் கையை ஆட்டினார். அவள் முனையை விட்டுவிட்டுப் போனாள். நான் ஒற்றையாளாக அந்தச் சூட்டுத் துணியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

திரும்பி வந்து என் எதிரில் நின்றாள். முனையைப் பிடித்தாள், நடந்தாள், மடித்தாள். இரண்டு மூன்று விரிப்பு போனது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கேட்கவும் கூடாது, அதுதானே வீட்டுப் பழக்கம்? கடைசியில் முனையோடு முனை சேர்க்க நெருங்கி வந்தபோது என் காதோரம் சொன்னாள்.

"டீச்சருக்குக் கெண்டைக்கால் சதை கிழிஞ்சிடுச்சாம் அக்கா. என்னை வரச் சொல்றாங்க."

டீச்சர் என்பது அணியில் இருந்த விளையாட்டு ஆசிரியை. நான் விரிப்பைக் கீழே போட்டுவிட்டு அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். வெள்ளைத் துணி, சலவைக்கூடத்துத் தரை, எப்படி ஆகியிருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். மறுபடி துவைக்கத்தான் போட வேண்டும். மேற்பார்வையாளர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பெயர் வைத்த வாயாடி முதல் ஆளாக ஓடி வந்தாள். எல்லோரும் சூழ்ந்துகொண்டு சிரித்தோம், இவள் மட்டும் டீச்சரை நினைத்து அழுதாள். அடிபட்ட அன்று சாயங்காலமே டீச்சர் பயிற்சியாளருக்குப் போன் போட்டுத் தன்னால் முடியாது என்று சொல்லிவிட்டாராம். அப்புறம் இவளுக்கும் போன் போட்டு, நன்றாக ஓடு என்றாராம். இதைப் பத்துப் பேரிடமாவது அவள் சொல்லியிருப்பாள். ஒரு நாள்கூட மறைக்கவில்லை அவங்க, ஒரு நாள்கூட மறைக்கவில்லை என்று.

அடுத்த சில வாரங்கள் எங்கள் வீடு வீடாகவே இல்லை. தம்பி தலைகால் புரியாமல் திரிந்தான். தெரிந்த ஒவ்வொரு கட்டடத்துக் காவலாளியிடமும் என் மனைவி நாட்டுக்காக ஓடப்போகிறாள் என்று சொல்லிவிட்டு, பழுதான லிஃப்டைப் பார்க்க மறந்து வந்துவிடுவான். அணியிலிருந்து பார்சல் வந்தது. நாட்டின் பெயர் போட்ட சட்டை, கால்சட்டை, ஒரு ஜோடி ஷூ. ஷூவென்றால் சாதாரண ஷூ இல்லை, போட்டியன்று மட்டும் போடுகிற ஷூ. கையில் எடுத்தால் காற்றுமாதிரி இருந்தது. அடிப்பாகத்துக்குள் ஏதோ தகடு வேறு வைத்திருக்கிறார்களாம், தள்ளிவிடுவதற்கு.

அங்கேதான் அவள் கோட்டை விட்டாள். அத்தனை வருடம் இரண்டாம்தர ஷூவிலேயே ஓடியவளுக்கு அதைக் காலில் போட்டதும் கழற்ற மனமில்லை. பழக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு வேலைக்கும் அதையே போட்டு வந்தாள். பழக்குவதாவது, எல்லோருக்கும் காட்ட ஆசை, அவ்வளவுதான். காட்டட்டுமே என்று நானும் பார்த்தேன். சோப்புத் தண்ணீரில் ஊறவைக்காதே என்றுதான் கத்தினேனே தவிர, சிமென்ட் தரையில் நாளெல்லாம் நிற்பதற்குச் செய்த பொருள் இல்லை அது என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. காலையில் அதில் ஓட்டம், பகலெல்லாம் அதில் நிற்பது. கொஞ்சநஞ்சமா நின்றாள்?

ஒரு திங்கட்கிழமை. விரிப்பை உதறிவிட்டு நடந்து வருகிறேன், முனை சேரவில்லை. அவள் அரை அடி தாமதமாக வந்தாள். தூக்கக் கலக்கம் என்று விட்டுவிட்டேன். அடுத்ததிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும். நான் நின்றுவிட்டேன்.

வலது காலா என்று கேட்டேன். இல்லவே இல்லை என்றாள். என்னிடமா? அவள் காலை அவளைவிட எனக்குத் தெரியும். இடைவேளையில் உடை மாற்றும் அறைக்கு இழுத்துக்கொண்டு போய் ஷூவைக் கழற்ற வைத்தேன். பாதத்தின் மேல்பக்கம், நடுவில் ஓரிடத்தில் விரல் வைத்தேன். முகம் வெளுத்துவிட்டது.

அந்த வெள்ளிக்கிழமை பட்டியல் மூடுகிறது. அதுவரை ஒன்றும் சொல்லாமல் இருந்தால் போதும், அவள் பெயர் உள்ளே இருக்கும். அதற்கப்புறம் யாராலும் அழிக்க முடியாது. எனக்கு அந்தக் கணக்கு உடனே வந்துவிட்டது, மறைத்து என்ன ஆகப்போகிறது, உள்ளதைச் சொல்கிறேன்.

"வாயைத் தொறக்காத," என்றேன். "வெள்ளிக்கிழமை வரைக்கும் மூச்சு விடாத. அப்புறம் ஐஸ் வெச்சுக்கோ, ஊசி போட்டுக்கோ, என்ன வேணா பண்ணிக்கோ."

"பாதியில உக்காந்துட்டேன்னா?"

"உக்காந்தா உக்காரு. நாட்டுச் சட்டையப் போட்டுக்கிட்டு உக்காரு. மத்தவங்க உக்காரலையா?"

இவள் விலகினால் அடுத்து யார் வருவாள் என்று நான் அப்போதுதான் கேட்டேன். இவளுக்கு அடுத்து இன்னொரு மாற்று ஆள் இருக்கிறாள் என்பதே எனக்கு அதுவரை தெரியாது. அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். போலீஸ்காரி.

இருக்கிற நூறாயிரம் பெண்களில் அவளா? இவள் இடத்தை ஒரு தடவை தின்றது போதாதா? இந்தக் காலை வெட்டிப் போட்டாலும் சரி, அவளுக்கு மட்டும் விட்டுக் கொடுக்காதே என்று கத்தினேன். உருளை இரைச்சல் அந்த அறை வரைக்கும் வராது என்பது மறந்துபோய் அதே சத்தத்தில் கத்தியிருக்கிறேன். வெளியே எல்லோருக்கும் கேட்டிருக்கிறது. யாரும் உள்ளே வரவில்லை.

அன்றைக்கு வீட்டில் தம்பியிடம் போய் நின்றேன். நீயாவது எடுத்துச் சொல்லுடா என்றேன். அவன் எப்போதுமே அதிகம் பேசமாட்டான். அவ கால், அவதான் சொல்லணும் என்றான். அதைச் சொல்லிவிட்டு அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்ததும் நான் அவனையும் திட்டாமல் வந்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை அவள் ஓடப்போகவில்லை. ஓய்வு கொடுத்தால் சரியாகிவிடும் என்று எனக்கும் நம்பிக்கை, அவளுக்கும் கொஞ்சம் நம்பிக்கை. பழைய செருப்பில் வந்து மெதுவாக நடந்தாள். நானும் என் நடையைக் குறைத்துக்கொண்டேன். விரிப்புகள் குவிந்தன. மேற்பார்வையாளர் எங்களைப் பார்ப்பார், குவியலைப் பார்ப்பார், வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்.

புதன்கிழமை வேலைக்கு முன்னால் உடை மாற்றும் அறையில் என்னைக் கூப்பிட்டாள். கதவைச் சாத்தினாள். ஓட்டக்காரர்களுக்கு ஒரு சோதனை உண்டு. ஒற்றைக் காலில் குதித்துப் பார்ப்பது. எலும்பில் விரிசல் இருந்தால் குதிக்க முடியாதாம், தசைவலி என்றால் முடியுமாம். இடது காலில் குதித்தாள், ஜோராகக் குதித்தாள். வலது காலுக்கு மாறினாள். ஒரு தடவை குதித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி காலைத் தூக்கினாள், ஆனால் உடம்பு கேட்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அவள் அழுது நான் அப்படிப் பார்த்ததில்லை. சின்னப் பிள்ளை மாதிரி, மூக்கு ஒழுக, எனக்கு ஓடணும் அக்கா, எனக்கு ஓடணும் என்று அழுதாள். நான் என்ன செய்வேன்? அவள் தலையை என் வயிற்றோடு அணைத்துக்கொண்டு நானும் அழுதேன். சொல்லாதே என்று மறுபடி சொல்ல வாயெடுத்தேன். அந்தக் காலைப் பார்த்த பிறகு சொல்ல முடியவில்லை.

அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு பயிற்சியாளருக்குப் போன் போட்டாள். சார், என் கால் சரியில்லை, என்னால் முடியாது என்றாள். அந்தப் பக்கம் ஏதோ கேட்டார். வெள்ளி வரைக்கும் பார்க்கலாமே என்றிருப்பார் போலிருக்கிறது. வேண்டாம் சார், அடுத்து வருகிறவளுக்கு அந்த இரண்டு நாள் வேண்டும் என்றாள். மாற்று ஆளுக்கு நாள் எவ்வளவு முக்கியம் என்று அவளுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? அவர் ரொம்ப நேரம் பேசினார், இவள் சரி சார், சரி சார் என்றே கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதோடு விட்டிருந்தால்கூட நான் பொறுத்திருப்பேன். அடுத்து அந்தப் போலீஸ்காரிக்கே போன் போட்டாள். நான் வேண்டாம் என்று கையை ஆட்டினேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

"நான்தான் பேசறேன். என்னால ஓட முடியல, சார்கிட்ட சொல்லிட்டேன். இப்ப கூப்பிடுவார். அதுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணு சொல்லு. கால் எப்படி இருக்கு? பொய் சொல்லாம சொல்லு."

அந்த அறையில் நாங்கள் இருவர்தான். போனில் மறுபக்கத்துச் சத்தம் எனக்கும் கேட்டது. முதலில் ஒன்றுமே கேட்கவில்லை. லைன் போய்விட்டது என்று நினைத்தேன்.

"நல்லா இருக்கு," என்றது அந்தக் குரல். அப்புறம் தழுதழுத்துக்கொண்டு, "இந்தத் தடவை நெஜமாவே நல்லா இருக்கு."

"அப்ப கெளம்பு," என்றாள் இவள். ஷூவை மட்டும் வேலைக்குப் போட்டுக்கொண்டு போகாதே என்றும் சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்த முகத்தோடு எப்படிச் சிரிப்பு வந்தது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

தம்பி டாக்டரிடம் கூட்டிப் போனான். பாத எலும்பில் மயிரிழை விரிசல். இதோடு ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கேட்டேன். உடைந்திருக்கும் என்று அவர் சொன்னால் என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்திருக்கும். அந்த மனுஷன் தாங்கினாலும் தாங்கியிருக்கும், தாங்காமலும் போயிருக்கும் என்றார். இதைச் சொல்வதற்கு டாக்டர் எதற்கு? காலில் பெரிய கட்டு போட்டு அனுப்பினார்கள். உட்கார்ந்து தலையணை உறை மடிக்கிற வேலையை மேற்பார்வையாளர் அவளுக்குக் கொடுத்தார். அதுவரை யாருக்கும் உட்கார்ந்து செய்கிற வேலை அங்கே கொடுத்ததில்லை.

போட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆஸ்பத்திரிக்கு ஞாயிறு ஏது, எங்களுக்கும் வேலை உண்டு. உருளைக்குள் துணி இருக்கும்போது நிறுத்தினால் கருகிவிடும் என்பதால் பாதிப் பேர் மெஷினோடும் பாதிப் பேர் சாப்பாட்டு அறை டிவியோடும் மாறி மாறி ஓடிக்கொண்டிருந்தோம். அவள் மட்டும் டிவிக்கு நேர் எதிரே, கட்டுக் காலை ஒரு நாற்காலியில் நீட்டிக்கொண்டு, மடியில் தலையணை உறைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒன்றைக்கூட மடிக்கவில்லை.

முன்னால் ஓடியவர்களைத்தான் பெரும்பாலும் காட்டினார்கள். எங்கள் ஆட்கள் எப்போதாவது கண்ணில் பட்டார்கள். போலீஸ்காரி வந்தபோதெல்லாம் நான் அவள் முழங்காலையே பார்த்தேன். எப்போது உட்காரப்போகிறாள் என்று பார்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். உட்கார்ந்தால் எனக்குச் சந்தோஷமா, வருத்தமா? அது எனக்கே விளங்கவில்லை. தண்ணீர் மேசை வரும்போதெல்லாம் திரைக்குக் கிட்டே போனேன். இவளோ திரையோடு பேசிக்கொண்டிருந்தாள். தோளை இறக்கு, மூச்சை விடு, அவசரப்படாதே, அப்படித்தான், அப்படியே வா என்று.

பாதி வழி தாண்டியது. முக்கால் வழி தாண்டியது. மற்ற இரண்டு பேரும் முடித்துவிட்டார்கள். போலீஸ்காரி வரவேயில்லை. கேமராவும் வேறு யாரையோ காட்டிக்கொண்டிருந்தது. மெஷினோடு இருக்க வேண்டிய பாதிப் பேரும் வந்துவிட்டார்கள், நல்லவேளையாக யாரோ உருளையைக் காலி செய்துவிட்டு வந்திருந்தார்கள். அப்போது வளைவில் அந்த உயரமான உருவம் தெரிந்தது. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து, வாய் கோணி, பார்க்கவே சகிக்கவில்லை. ஆனால் ஓடிக்கொண்டிருந்தாள். முடிவுக்கோட்டைத் தாண்டி விழுந்தாள்.

அணிப் பட்டியல் திரையில் வந்தது. எங்கள் நாட்டின் பெயர் நடுவாந்திரமாக ஓரிடத்தில் இருந்தது. உலகத்துக்கு அது ஒரு பொருட்டே இல்லை. இவள் கட்டுக் காலை மறந்து எழுந்து நின்று கத்தினாள். உறைகளெல்லாம் தரையில் சிதறின. கூடத்து ஆட்கள் அத்தனை பேரும் திரையை விட்டுவிட்டு இவளைப் பார்த்துக் கை தட்டினார்கள். பெயர் வைத்த வாயாடி விசில் அடித்தாள். நானும் கை தட்டினேன், போலீஸ்காரிக்கும் சேர்த்தே தட்டினேன். கேட்க வைத்திருந்த நாலு கேள்வியும் எங்கே போனதென்று தெரியவில்லை.

சாயங்காலம் வேலை முடிந்து இருவரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம். ஊன்றுகோலோடு அவள் மெதுவாகத்தான் வந்தாள். ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். அந்த முணுமுணுப்பு எனக்குக் கோபத்தைக் கிளப்பியது. இவளுக்குப் பதில் நான் வேக வேண்டியிருக்கிறதே!

"உனக்கு வருத்தமே இல்லையா?" என்று கேட்டேன்.

"இல்லாம இருக்குமா? நிறைய இருக்கு." கொஞ்ச தூரம் நடந்தாள். "ஆனா முந்தி மாதிரி இல்லக்கா. அப்பல்லாம் எங்கிட்ட என்ன இருந்துச்சு? இந்தத் தடவை அது என்னோட எடம். என்னோடதா இருந்ததாலதான் இன்னொருத்திக்குக் குடுக்க முடிஞ்சுது."

எங்களுக்குப் பின்னால் பஸ் திரும்புகிற சத்தம் கேட்டது. நிறுத்தம் இன்னும் தூரத்தில் இருந்தது, அவளால் அதற்குள் போய்ச் சேர முடியாது. அந்த டிரைவர் யாருக்காகவும் நிற்கிற ஆளில்லை. நான் பையைத் தோளில் இழுத்து மாட்டிக்கொண்டு, இந்த உடம்பைத் தூக்கிக்கொண்டு, தெருவே வேடிக்கை பார்க்க ஓடினேன். பஸ் படியில் ஒரு காலை வைத்து நின்றுகொண்டு, எங்க வீட்டுப் பொண்ணு வருது, அவ ஏறாம வண்டி நகரக்கூடாது என்று சொல்லிவிட்டேன்.